வாய் மறக்காத ஊர்



அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, குடும்பங்களில் ஒரு பகுதிக்கு நீண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். உங்கள் முன்னோர் எந்த வழியினர் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. ஜெர்மன், ஐரிஷ், இத்தாலியன் என்று அவரவர் எழுதினார்கள். சுமார் இரண்டு கோடிப் பேர் மட்டும் ‘அமெரிக்கன்’ என்று எழுதிவிட்டார்கள். அப்படி எழுதியவர்கள் எங்கே அதிகம் என்று நிலப்படத்தில் வண்ணம் தீட்டிப் பார்த்தால், கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா என்று அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டிய மாநிலங்களில் வண்ணம் அடர்ந்து நிற்கிறது.

இதற்குத் திமிர் காரணமல்ல. பாட்டன், பூட்டன், அவருக்கும் மேலே நாலைந்து தலைமுறை என்று எல்லாரும் அந்த மலையிலேயே பிறந்து அந்த மலையிலேயே புதைந்தவர்கள். கடல் கடந்து வந்த கதையைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அவர்களில் பலருடைய முன்னோர் அயர்லாந்தின் வடகோடியிலுள்ள அல்ஸ்டரிலிருந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள். பெயர் மறந்துபோன பிறகும் மரபு எங்கே தங்கியிருக்கிறது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1606இல் ஹாமில்டன், மாண்ட்கோமரி என்ற இரண்டு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் அல்ஸ்டரின் கீழ்க்கரையில் தங்கள் நாட்டு உழவர்களைக் குடியமர்த்தினார்கள். சில ஆண்டுகளில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அதையே அரசுத் திட்டமாக்கினார். ஐரிஷ் கத்தோலிக்கர்களிடமிருந்து பறித்த நிலத்தில் புராட்டஸ்டன்ட் குடிகள் வந்து அமர்ந்தார்கள். 1690களில் ஸ்காட்லாந்தில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது இன்னும் பல ஆயிரம் பேர் அந்தக் குறுகிய கடலைத் தாண்டினார்கள். ஆக, இவர்கள் அமெரிக்கா போவதற்கு முன்பே ஒருமுறை குடிபெயர்ந்தவர்கள். பிறர் நிலத்தில் குடியேறியவர்களும்கூட. இந்த இரண்டாவது செய்தியை மறக்க வேண்டாம். பின்னால் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

அல்ஸ்டரிலும் அவர்களுக்கு நிம்மதி நிலைக்கவில்லை. அவர்கள் பிரஸ்பிடேரியன் சபையினர். அரசு ஆதரித்ததோ ஆங்கிலிக்கன் சபையை. 1704இல் வந்த சட்டத்தின்படி, ஆங்கிலிக்கன் முறையில் திருவிருந்து வாங்காதவர் அரசுப் பதவி வகிக்க முடியாது. பிரஸ்பிடேரியன் போதகர் நடத்திவைத்த திருமணம் சட்டத்தின் முன் செல்லுமா என்பதே கேள்வியாக இருந்தது. அதோடு குத்தகை. மலிவாகக் கொடுத்திருந்த நீண்டகாலக் குத்தகைகள் 1710களில் முடிவுக்கு வர, நிலச்சுவான்தார்கள் குத்தகையைக் கண்டபடி ஏற்றினார்கள். மழையும் கைவிட்டது.

1718 மார்ச்சில் ஒரு மனு தயாரானது. மாசசூசெட்ஸ் ஆளுநருக்கு, நாங்கள் அங்கே வந்து குடியேறலாமா என்று கேட்கும் மனு. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். மிகச் சிலரைத் தவிர எல்லாரும் தங்கள் கையாலேயே பெயரை எழுதினார்கள். உழவரும் நெசவாளரும் நிறைந்த ஒரு கூட்டம், 300 ஆண்டுகளுக்கு முன்! பைபிளை அவரவரே வாசிக்க வேண்டும் என்ற சபையின் கண்டிப்பு கொடுத்த எழுத்தறிவு அது. அந்த மனுவில் தங்களை அவர்கள் அயர்லாந்தின் வடபகுதியில் வாழ்வோர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் கப்பல்கள் பாஸ்டனில் வந்து நின்றன.

ஆனால் பெருங்கூட்டம் போனது பாஸ்டனுக்கு அல்ல, பிலடெல்பியா பக்கம். அதற்கு ஒரு காரணம் ஆளி விதை. அல்ஸ்டரின் பிழைப்பே லினன் துணி. ஆளிச் செடியின் நாரிலிருந்து அதை நெய்கிறார்கள். நார் மெல்லியதாக வர வேண்டுமென்றால் விதை முற்றுவதற்கு முன்பே செடியைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கினால் அடுத்த ஆண்டு விதைக்க விதை இருக்காது. எனவே விதை வெளியிலிருந்து வர வேண்டும், பென்சில்வேனியாவிலிருந்து வந்தது. இலையுதிர் காலத்தின் கடைசியில் பிலடெல்பியாவில் விதையை ஏற்றிக்கொண்டு, வசந்த விதைப்புக்கு முன் அல்ஸ்டர் துறைமுகங்களான டெரியிலோ பெல்பாஸ்ட்டிலோ இறக்குவார்கள். கனமான சரக்கோடு வந்த கப்பலில் திரும்பும்போது ஏற்ற அவ்வளவு சரக்கு இல்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் ஆட்கள் ஏறினார்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் சில ஆண்டுகள் ஊழியம் செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து ஏறினார்கள். ஒரு செடியை எந்தப் பருவத்தில் பிடுங்குவது என்ற கைத்தொழில் நுட்பம் ஒரு மக்கள் கூட்டத்தின் வழித்தடத்தைத் தீர்மானித்திருக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அமெரிக்கப் புரட்சிக்கு முன் அப்படிப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். இரண்டரை லட்சம் வரை சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. கடலோரத்து நல்ல நிலம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. அவர்கள் உள்ளே போனார்கள். லங்காஸ்டர், யார்க் வழியாக, ஷெனாண்டோவா பள்ளத்தாக்கைப் பிடித்துத் தெற்கே, கரோலினா மேட்டுநிலம் வரைக்கும். பெரும் வண்டிப்பாதை என்று அதற்குப் பெயர். பிறகு மலை இடுக்குகளின் வழியே மேற்கே.

அந்தப் பாதையோரத்தில் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போனது ஓர் அக்டோபர் மாதம். அல்ஸ்டரின் டிரோன் கவுண்டியில் ட்ரம்குவின் என்ற ஊரிலிருந்த ஓர் உழவர் வீட்டைப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கல் சுவர், மேலே சுண்ணாம்பு வெள்ளை, வேய்ந்த கூரை. உள்ளே நுழைந்ததும் கண் பழக ஒரு நிமிடம் ஆகிறது. அடுப்பு தரையிலேயே இருக்கிறது. மேலிருந்து தொங்கும் இரும்புக் கொக்கியில் கரிபிடித்த பானை. சுவரைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது, சொரசொரப்பாக இருந்தது. அங்கிருந்து வெளியே வந்து சற்று நடந்தால், அமெரிக்க எல்லைப்புறத்தில் முதலில் குடியேறியவர்கள் கட்டியதைப் போன்ற ஒற்றை அறை மரக்கட்டை வீடு.

கல் எங்கே, மரக்கட்டை எங்கே. பொருள் முற்றிலும் வேறு. ஆனால் எஸ்டின் எவன்ஸ் என்ற புவியியல் அறிஞர் ஒன்றைக் கவனித்தார். அல்ஸ்டரின் கிராமங்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். மலைநாட்டு மரக்கட்டை வீடுகள் பலவற்றின் அளவும் நீள்சதுர வடிவமும், முன்வாசலுக்கு நேர் எதிரே பின்வாசல் வைக்கும் வழக்கமும் அல்ஸ்டர் வீட்டைப் போலவே இருந்தன. கட்டையை முனையில் கொத்தி ஒன்றோடொன்று பூட்டும் வித்தையை ஜெர்மானியரிடமும் ஸ்காண்டிநேவியரிடமும் கற்றுக்கொண்டார்கள். வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற மனக்கணக்கு மட்டும் பழைய ஊருடையது. வயலில் போட்ட சோளம் செரோக்கி போன்ற பூர்வகுடிகள் கொடுத்தது. தோளில் தொங்கிய நீளத் துப்பாக்கி பென்சில்வேனியா ஜெர்மன் கொல்லர்கள் செய்தது. இந்த மரபைத் தேடுகிறவர்கள் அதைக் கலப்பில்லாத பொருளாகத் தேடினால் ஏமாந்துபோவார்கள். அது கலந்துதான் பிழைத்தது.

கலந்தாலும் கரையாமல் நின்றது பேச்சு.

1937இல் ஜோசப் ஹால் என்ற இளம் மாணவரைத் தேசியப் பூங்காத் துறை அப்பலாச்சியாவின் ஸ்மோக்கி மலைக்கு அனுப்பியது. பூங்கா அமைப்பதற்காக அங்கிருந்த குடும்பங்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் கலைந்துபோவதற்குள் அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். ஹால் வீடு வீடாகப் போனார்; கரடி வேட்டைக் கதை, பேய்க்கதை, விதைப்புக் கதை என்று எதைச் சொன்னாலும் பதிந்துகொண்டார். அந்தக் குறிப்புகளை வைத்து அவர் காலத்துக்குப் பின் ஒரு பேரகராதியை முடித்தவர் மைக்கேல் மாண்ட்கோமரி. தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர். அகராதி 2004இல் வந்தது. அவர் அட்லாண்டிக்கின் இரண்டு கரைக்கும் மாறி மாறிப் போய், குடிபெயர்ந்தவர்கள் எழுதிய பழைய கடிதங்களைத் தேடித் தேடிப் படித்தார்.

மலைக்காரர் வீட்டை ஒழுங்குபடுத்துவதை ‘ரெட் அப்’ என்பார்கள். சாமான் போடும் பை ‘போக்’. காற்று சிலுசிலுவென்று இருந்தால் ‘ஏரிஷ்’. எதிரே இருக்கும் கடை ‘ஃபர்னென்ட்’. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இவற்றையெல்லாம் தப்பு என்று அடித்துத் திருத்தினார். இவற்றில் ‘ரெட் அப்’பை இன்றும் அல்ஸ்டரின் ஆன்ட்ரிமிலும் டிரோனிலும் கேட்கலாம்.

சொற்களைவிட மாண்ட்கோமரி முக்கியமாகக் கருதியது இலக்கணத்தை. சொல்லை யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கலாம். வாக்கியத்தைக் கட்டும் முறை அப்படி எளிதில் கைமாறாது; அது தாயிடமிருந்து வருவது. பொது ஆங்கிலத்தில் ‘வென்எவர்’ என்றால் எப்போதெல்லாம் என்று பொருள். மலையில் ஒருவர், ‘வென்எவர்’ என் அப்பா இறந்தார், நான் சிறுவன் என்பார். வெளியூர்க்காரருக்குத் தூக்கிவாரிப்போடும், அப்பா பலமுறை இறந்தாரா? அவர் சொல்வது அந்த ஒருமுறையைத்தான். இதே பயன்பாடு அல்ஸ்டரில் உண்டு. கார் அழுக்காக இருக்கிறது, ‘நீட்ஸ் வாஷ்ட்’ என்பார்கள். நடுவே பொது ஆங்கிலம் கேட்கும் இரண்டு சொற்கள் இருக்காது. அதுவும் ஸ்காட்லாந்தில் பிறந்து அல்ஸ்டர் வழியாக வந்தது. இப்படிப் பேசுகிறவருக்கு அல்ஸ்டர் என்ற பெயரே தெரியாமல் இருக்கலாம். கணக்கெடுப்புப் படிவத்தில் ‘அமெரிக்கன்’ என்று எழுதியவராக இருக்கலாம். அவர் நாக்குக்குத் தெரிகிறது.

சபையின் கதை வேறு மாதிரி. அல்ஸ்டரிலும் ஸ்காட்லாந்திலும் திருவிருந்து ஆண்டுக்கு ஓரிரு முறைதான். அதற்காகச் சுற்று வட்டாரமே கூடும்; திறந்தவெளியில் நாட்கணக்கில் பிரசங்கம் நடக்கும். தகுதி பெற்றவர்கள் கையில் ஓர் ஈய வில்லை கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் திருவிருந்து மேசையில் இடம். 1801 ஆகஸ்டில் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் பல ஆயிரம் பேர் கூடி அழுதும் விழுந்தும் தொழுத அந்தப் பெருங்கூட்டம், தொடக்கத்தில் இப்படி ஒரு பிரஸ்பிடேரியன் திருவிருந்துதான். ஆனால் கல்லூரியில் படித்தவர் மட்டுமே போதகராகலாம் என்று பிரஸ்பிடேரியன் சபை விடாப்பிடியாக இருந்தது. மலைக்கு அத்தனை படித்த போதகர்கள் வரவில்லை. உழவரையே போதகராக ஏற்ற பாப்டிஸ்ட் சபையும், குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிய மெதடிஸ்ட் ஊழியர்களும் அந்த மக்களை அணைத்துக்கொண்டார்கள். சபைப் பெயர் மாறியது, பாட்டு மாறவில்லை. கிழக்குக் கென்டக்கியின் சில பழைய பாப்டிஸ்ட் சபைகளில் இன்றும் இசைக்கருவி கிடையாது. ஒருவர் ஓரடியை விறுவிறுவென்று எடுத்துக் கொடுப்பார். சபை அதை வாங்கி, இழுத்து இழுத்து, ஒவ்வொருவரும் தத்தம் வளைவோடு பாடும். புத்தகம் வாங்க வசதியில்லாத காலத்தில் பிரிட்டனின் சபைகளில் பிறந்த முறை அது. அங்கே அருகிவிட்டது. இங்கே இருக்கிறது; பக்கத்து ஊர்க் கறுப்பின மக்களின் சபைகளிலும் இருக்கிறது.

பாட்டு என்றதும் ஜீன் ரிச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கென்டக்கியில் வைப்பர் என்ற சிற்றூர். பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1952இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று, தன் வீட்டுப் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போனார். ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக அலைந்தார். அர்மா கவுண்டியில் கீடி என்ற ஊரில் சாரா மேக்கம் என்ற பெண்மணியின் வீட்டுக்குப் போனார். சாரா இளம் வயதில் லினன் ஆலையில் வேலை செய்தவர். நூற்றுக்கணக்கான பாட்டுகள் அவருக்கு மனப்பாடம். ஐரிஷ் பாட்டு, ஆங்கிலேயப் பாட்டு, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் என்று எல்லாம் அதில் உண்டு. ரிச்சி சிறு வயதில் கேட்ட கதைப்பாடல்களின் உடன்பிறப்புகளும் அதில் இருந்தன. சாரா கத்தோலிக்கர். அல்ஸ்டரில் சபைக்கும் சபைக்கும் நடுவே எழுந்த சுவரின் உயரம் நமக்குத் தெரியும். அந்தச் சுவருக்கு மேலாகப் பாட்டு போய்வந்திருக்கிறது.

இதற்கு முன்பே, 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப், மாட் கார்ப்பலஸ் என்ற இருவர் இங்கிலாந்திலிருந்து வந்து அப்பலாச்சியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைத் திரட்டினார்கள். பெரும் பணி, தலைவணங்குகிறேன். ஆனால் ஷார்ப் தேடியது ஆங்கிலேயப் பாட்டு. நூலுக்கும் ஆங்கிலேய நாட்டுப்பாடல் என்றே தலைப்பு வைத்தார். கறுப்பினப் பாடகர்களிடம் அவர் ஏறக்குறைய போகவே இல்லை. அங்கே போயிருந்தால், மலை இசையின் அடையாளமாக இன்று எல்லாரும் சொல்லும் பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களின் கருவி என்பது தெரிந்திருக்கும். பிற்காலத்தில் கார்ட்டர் குடும்பம் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளில் பலவற்றை ஏ. பி. கார்ட்டரோடு ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தவர் லெஸ்லி ரிடில், கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார். மெட்டு ரிடிலின் நினைவில் தங்கும்.

தேடுகிறவர் எதைத் தேடுகிறாரோ அதுவே கிடைக்கும் என்ற அபாயம் அல்ஸ்டர் மரபைத் தேடுகிறவருக்கும் உண்டு. ‘ஹில்பில்லி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1690இல் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் வென்ற மன்னர் வில்லியமின் ஆதரவாளர்கள் ‘பில்லி’கள், அவர்கள் மலைக்கு வந்ததால் ‘ஹில்பில்லி’ என்று பல நூல்களில் எழுதிவிட்டார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தச் சொல் அச்சில் தெரிவது 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான். நடுவே இருநூறு ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. மாண்ட்கோமரி இதை ஏற்கவில்லை. ‘ரெட்நெக்’ என்பது பிரஸ்பிடேரியன் சபையைக் காக்க உடன்படிக்கை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர்கள் கழுத்தில் கட்டிய சிவப்புத் துணி என்பதும் அப்படித்தான். அது வெயிலில் கழுத்து சிவந்த ஏழை உழவரைக் குறித்த சொல். 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில், சங்கம் வைக்கும் உரிமைக்காகத் துப்பாக்கி ஏந்திய சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் மலைக்காரர், இத்தாலியர், கறுப்பினத்தவர் எல்லாரும் இருந்தார்கள். பொய்யான வேரைவிட இந்த உண்மைக் கதை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அல்ஸ்டரிலிருந்து வந்த இந்த மக்களைக் குறிக்கும் ‘ஸ்காட்ச் ஐரிஷ்’ என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் பலவற்றில் இவர்கள் வெறும் ஐரிஷ்தான். அப்படி அழைப்பதை எதிர்த்தவர்களும் அப்போதே இருந்தார்கள். 1718இல் வந்த போதகர் ஜேம்ஸ் மக்ரெகர் அவர்களில் ஒருவர். என்றாலும் அந்தப் பெயர் ஊரறியப் பரவியது, 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு ஏழைக் கத்தோலிக்க ஐரிஷ் மக்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கியபோதுதான். நாங்கள் அவர்களல்ல என்று சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. 1889இல் டென்னசியின் கொலம்பியா நகரில் ஸ்காட்ச் ஐரிஷ் சங்கம் கூடியது. பத்தாண்டு கழித்து, 1899இல், கென்டக்கியின் பெரியா கல்லூரித் தலைவர் வில்லியம் ஃப்ராஸ்ட் மலைமக்களைச் சமகாலத்தில் வாழும் நம் முன்னோர் என்று ஒரு கட்டுரையில் வர்ணித்தார். அவர்களுக்குப் பள்ளி வேண்டும், பணம் வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் அந்தச் சித்திரம் அவர்களைக் காலத்தில் உறைய வைத்துவிட்டது. வறுமைக்குச் சுரங்கக் கம்பெனியும் மரக் கம்பெனியும் காரணமல்ல, ரத்தம்தான் காரணம் என்று பேச அது பிறருக்கு வசதியாகிப் போனது.

இவர்கள் பிறர் நிலத்தில் குடியேறியவர்கள் என்பதை மறக்க வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அங்கே வருகிறேன். 1763 டிசம்பரில் பென்சில்வேனியாவில் பேக்ஸ்டன் வட்டாரத்து ஆயுதக் கும்பல், பெரும்பாலும் அல்ஸ்டர் வழியினர், எந்தத் தீங்கும் செய்யாத கோனஸ்டோகா பூர்வகுடிகள் 20 பேரைக் கொன்றது. அவர்களில் 14 பேர், பாதுகாப்புக்கென்று லங்காஸ்டர் நகரக் காவல்விடுதியில் வைக்கப்பட்டிருந்தவர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் அதைக் கண்டித்துத் துண்டுநூல் எழுதினார். ஆண்ட்ரூ ஜாக்சனின் பெற்றோர் அல்ஸ்டரின் கேரிக்ஃபர்கஸ் பக்கத்திலிருந்து 1765இல் வந்தவர்கள். எளிய குடியேறிகளின் மகன் ஜனாதிபதியானது பெருமைதான். அதே ஜாக்சன் 1830இல் கையெழுத்திட்ட சட்டத்தின் விளைவாக, 1838இலும் அடுத்த ஆண்டிலும் ஏறத்தாழ 16,000 செரோக்கி மக்கள் அதே அப்பலாச்சியாவிலிருந்து மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாமிலும் இறந்தவர்கள் 4,000 வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். குத்தகை ஏற்றியதால் நிலம் இழந்து கப்பலேறியவர்களின் பிள்ளைகள் இதைச் செய்தார்கள். பெருமையை எடுத்துக்கொள்கிறவர் இதையும் சேர்த்தே கையில் ஏந்த வேண்டும். இதை விட்டுவிட்டுச் சொல்லும் வம்சக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஸ்டான்டன் அருங்காட்சியகம் இதில் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது. ட்ரம்குவின் வீட்டைப் போலவே ஜெர்மன் பண்ணை ஒன்றும் ஆங்கிலேயப் பண்ணை ஒன்றும் அங்கே உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மக்களுடைய மண்சுவர்க் குடியிருப்பு உண்டு. பூர்வகுடிகளின் குடியிருப்பும் உண்டு. இவற்றையெல்லாம் கடந்துதான் அமெரிக்க வீட்டுக்குப் போக முடியும். நான் போன அன்று ஒரு பெரியவர் தன் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ட்ரம்குவின் வீட்டின் அடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். தன் பாட்டி வீட்டிலும் பானை இப்படித்தான் தொங்கியதாம். எந்த ஊர் என்று கேட்டேன். இங்கேதான், மலைக்கு அந்தப் பக்கம் என்றார்.

கடலுக்கு அந்தப் பக்கம், டிரோன் கவுண்டியிலேயே ஒமா நகருக்கு அருகில் இந்த அருங்காட்சியகத்தின் மறுபாதி இருக்கிறது. தாமஸ் மெல்லன் 1813இல் பிறந்த சிறு வீட்டைச் சுற்றி அமைத்த அல்ஸ்டர் அமெரிக்க நாட்டுப்புறப் பூங்கா அது. ஐந்து வயதில் பென்சில்வேனியாவுக்குப் போன அந்தக் குழந்தைதான் பின்னாளில் மெல்லன் வங்கியை நிறுவினார். முதலில் பழைய அல்ஸ்டரின் வீடுகள். பிறகு ஒரு கப்பலின் இருட்டான அடித்தளம். குனிந்துதான் போக வேண்டும். மறுபக்கம் வெளியே வந்தால் அமெரிக்கா. அங்கே குடியேறிகள் கட்டிய வீடுகளையும் பிரித்துக் கடல் கடந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ட்ரம்குவினின் கல்வீடு வர்ஜீனியாவில் நிற்கிறது. அமெரிக்க மரக்கட்டை வீடு ட்ரம்குவினிலிருந்து சில மைல் தூரத்தில் நிற்கிறது. அந்தப் பூங்காவில் பல ஆண்டுகளாக அப்பலாச்சிய இசைவிழா நடந்திருக்கிறது. டென்னசிக்காரர் பிடில் வாசிக்க, ஆப்பிரிக்காவின் பாஞ்சோ அதற்குச் சேர்ந்து ஒலிக்க, டிரோன் கிராமத்துக்காரர் புல்லில் உட்கார்ந்து காலால் தாளம் போடுகிறார்.